நகச்சொத்தை: நகத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது எப்படி

மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் எங்களுக்கு இது தினப்படி வழக்கு. செருப்பைக் கழற்றிக் காலை லேசாகத் தூக்கிக் காட்டுவார்கள். கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்திருக்கும். “இதுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க” என்பார்கள். ஒரு ட்யூப் வாங்கிப்போய் தீரும்வரை தடவுவார்கள், நகம் அப்படியே இருக்கும், அப்புறம் அடுத்த கடைக்குப் போவார்கள்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. நிறம் மாறித் தடித்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சைத் தொற்று. மீதியெல்லாம் சோரியாசிஸ் என்ற செதில் நோய், பழைய அடி, இறுக்கமான ஷூ, ஓயாத ஈரம், வயது என்று வேறு வேறு காரணங்கள். இன்னொன்று, உண்மையிலேயே பூஞ்சையாக இருந்தாலும் அது குடியிருப்பது பெரும்பாலும் நகத்துக்கு அடியில். மேலே தடவும் சாதாரண க்ரீம் அங்கே போய்ச் சேராது. ஆகவே மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் நகத்தைச் சரியாகப் பார்த்தாக வேண்டும். நோயை உறுதி செய்வது தோல் மருத்துவரின் வேலைதான். என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு அவரிடம் போனால் அலைச்சல் குறையும்.

நெயில் பாலிஷ், மருதாணி எல்லாம் போன பிறகு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் அரைத்த விரலையும், நெயில் பாலிஷ் கறை பிடித்த நகத்தையும் நோய் என்று பயந்து காட்டியவர்கள் உண்டு. கெட்டுப்போன ஒரு நகத்தோடு நிறுத்தாமல் 20 நகங்களையும் பாருங்கள். கால்விரல் இடுக்கு, உள்ளங்கால், உள்ளங்கை, முழங்கை, தலைத்தோல் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே உங்களுக்குப் பொருந்துவதைப் படியுங்கள்.

நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி மஞ்சளாகிறது, தடிக்கிறது, அடியில் மாவாக உதிர்கிறது

பூஞ்சைத் தொற்றின் வழக்கமான முகம் இதுதான். கால் கட்டைவிரலில் அதிகம். பெரும்பாலும் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. நகம், முடி, தோலின் மேலடுக்கு ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. நகத்தின் நுனிக்கு அடியில் நுழைந்து, மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் நகரும். அடியில் பொடி சேரச் சேர நகம் மேலே தூக்கும், நொறுங்கும்.

அது அங்கே எப்படி வந்தது? பாதத்துத் தோலிலிருந்துதான். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, அரிக்கிறதா? அந்தச் சேற்றுப்புண்தான் வாசல். இன்னொரு வடிவமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளங்கால் முழுக்க வறண்டு, ரேகைகளில் மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் வாஸ்லைன் தடவிக்கொண்டிருப்பார்கள். கூடவே ஒரு உள்ளங்கையும் அதே மாதிரி வறண்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு பாதம், ஒரே ஒரு கை என்பது இந்தப் பூஞ்சைக்கே உரிய விசித்திரமான கணக்கு. பாதத்தைச் சொறிகிற கை அது.

இவற்றில் ஏதாவது இருந்தால் கீழே பரிசோதனைப் பகுதிக்குப் போங்கள். தோலில் எதுவுமே இல்லை, ஒரே ஒரு நகம் மட்டும், அதுவும் எப்போதோ கல்லில் இடித்த நகம் என்றால் அடிபட்டதன் விளைவாகவும் இருக்கலாம். அப்போது பரிசோதனை இன்னும் அவசியம்.

நகத்தின் மேற்பரப்பில் வெள்ளைத் திட்டு

பிளேடின் முனையால் மெதுவாகச் சுரண்டினால் பொடியாக வருகிறதா? அப்படியானால் அது மேற்பரப்புப் பூஞ்சை. இந்த வகையில் மட்டும் பூச்சு மருந்தே பல நேரம் போதும், ஏனென்றால் எதிரி வெளியில்தான் இருக்கிறது. பாலிஷை மாதக்கணக்கில் எடுக்காமல் வைத்திருந்து, எடுத்த பின் தெரியும் வெள்ளைச் சொரசொரப்பும் இதே மாதிரி இருக்கும். அதற்குக் கொஞ்ச நாள் பாலிஷ் போடாமல் இருந்தால் போதும்.

சுரண்டினால் வராமல், நகத்துக்குள்ளேயே புள்ளி புள்ளியாக வெள்ளை தெரிந்தால் அது சின்னச் சின்ன இடி வாங்கியதன் தடம். கால்சியம் குறைவு என்று யார் சொன்னாலும் மாத்திரை வாங்க வேண்டாம். நகம் வளரும்போது புள்ளியும் முன்னால் நகர்ந்து போய்விடும்.

வெண்மை நுனியில் இல்லை, வேர்ப்பக்கத்தில் தொடங்குகிறது

இது அபூர்வம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் வருவது. மருத்துவரிடம் போங்கள். அவர் எச்.ஐ.வி. பரிசோதனை எழுதினால் கோபப்படாதீர்கள், அது சரியான கேள்வி.

கை நகத்தைச் சுற்றிச் சதை வீங்கியிருக்கிறது

ஓரிரு நாளில் வந்தது, துடிக்கிற வலி, சீழ் என்றால் அது பாக்டீரியா நகச்சுற்று. பூஞ்சை மருந்துக்கு இங்கே வேலை இல்லை. சீழ் கட்டியிருந்தால் மருத்துவர் கீறி எடுப்பார். நம் ஊரில் உடனே எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிவிடுவோம். கட்டின சீழை எலுமிச்சம்பழம் வெளியேற்றாது. விரிந்து புண்ணான தோலில் அமிலம் பட்டால் எரிச்சல்தான் கூடும்.

மாதக்கணக்கில் வீக்கம் வந்து வந்து போகிறது, நகத்தின் அடியை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் காணாமல் போயிருக்கிறது, நகத்தில் குறுக்கே அலை அலையாக மேடுபள்ளம் என்றால் கதை வேறு. பாத்திரம் தேய்ப்பவர்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுபவர்கள், மீன் வெட்டுபவர்கள், துணி துவைப்பவர்கள் ஆகியோரின் நோய் இது. தண்ணீரும் சோப்பும் அந்த மெல்லிய தோலை அரித்துவிட, காப்பு போய்விடுகிறது. திறந்து கிடக்கும் இடுக்கில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்து குடியேறுகிறது. அதைத்தான் முதல் குற்றவாளி என்று முன்பு நினைத்தார்கள். இப்போது மருத்துவர்கள் இதை ஈரத்தாலும் சோப்பாலும் வரும் தோல் அழற்சியாகவே பார்க்கிறார்கள், கேண்டிடா அப்புறம் வந்து சேர்ந்துகொள்வது. அதனால்தான் வெறும் பூஞ்சை க்ரீம் மட்டும் தடவுகிறவர்களுக்குத் தீருவதில்லை. மருத்துவர் இதற்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு பூச்சு எழுதித் தருவதும் இந்தக் காரணத்தால்தான்.

மருந்தைவிட முக்கியம் கையை உலர்வாக வைத்திருப்பது. உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து மறுபடியும் ஈரம்தான். வேலையே தண்ணீரில் என்பவர்களிடம் “தண்ணீரில் கை வைக்காதீர்கள்” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் கழுவும் வேலையையெல்லாம் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு, விரலைத் துடைத்துக் காயவிடுங்கள். பார்லரில் அந்த மெல்லிய தோலைத் தள்ளவோ வெட்டவோ விடாதீர்கள்.

நகம் பச்சையாக இருக்கிறது

பூஞ்சை இல்லை. நகம் எங்கோ தூக்கிக்கொண்டு, அந்த இடுக்கில் தண்ணீர் தங்கி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. பச்சை நிறம் அது சுரக்கும் சாயம். தூக்கிய நகத்தை ஒட்ட வெட்டி, உலர்வாக வைப்பதே பாதி வைத்தியம். மீதிக்கு மருத்துவர் நீர்த்த வினிகரில் ஊறவைக்கச் சொல்வார், அல்லது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதுவார்.

கறுப்பு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அடிபட்டதாலோ இறுக்கமான ஷூவாலோ நகத்தடியில் ரத்தம் கட்டினால் கருநீலத் திட்டு வரும். அது நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், வேர்ப்பக்கம் புதிய நகம் சுத்தமாக வரும். போனில் ஒரு படம் எடுத்துவைத்து ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சில பூஞ்சைகளும் நகத்தைக் கறுப்பாக்கும், வெப்பமான ஊர்களில் மண்ணில் வாழும் வகைகள் குறிப்பாக. நம் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் பல விரல்களில் வேரிலிருந்து நுனிவரை மெல்லிய பழுப்புக் கோடு இருப்பது சகஜம்.

கவலைப்பட வேண்டியது, ஒரே ஒரு விரலில் புதிதாக வந்த கோடு, நாளாக ஆக அகலமாகும் கோடு, அல்லது நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவுவது. அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது அதுதான். கால்பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977-இல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் மருந்துக்கடை பக்கமே வராமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஊசியால் குத்தியது போலக் குழிகள், உள்ளே எண்ணெய்க் கறை போன்ற திட்டு

சோரியாசிஸ் என்று சந்தேகப்படுங்கள். தலையில் செதில், முழங்கையிலோ முழங்காலிலோ வெள்ளிச் செதிலோடு சிவந்த தடிப்பு, காலையில் விரல் மூட்டு விறைப்பு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். கைநகத்தில் அதிகம். கால்நகத்தில் வந்தால் அச்சு அசலாகப் பூஞ்சை மாதிரியே இருக்கும், அனுபவமுள்ள கண்ணையும் ஏமாற்றும். ஒரே நகத்தில் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. நகம் தடிப்பதற்குப் பதில் மெலிந்து, நீளவாக்கில் பிளந்து, வேர்ப்பக்கத் தோல் நகத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொண்டால் அது லைக்கன் பிளானஸ் என்ற வேறொரு அழற்சி நோயாக இருக்கலாம். தாமதித்தால் நகம் நிரந்தரமாகப் போய்விடும் என்பதால் சீக்கிரம் காட்ட வேண்டும்.

தடிக்கவில்லை, பொடியும் இல்லை, நகம் மட்டும் சதையை விட்டுப் பிரிகிறது

நீள நகம் எதிலாவது மாட்டி நெம்புவது, குறுகலான ஷூ, தைராய்டு, சில மருந்துகள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் அலைந்தாலும் வரும். ஒட்ட வெட்டி, அடியில் எதையும் விட்டு நோண்டாமல் இருங்கள்.

வயதானவர், நகம் கொம்பு போல வளைந்து கெட்டியாகிவிட்டது

பூஞ்சை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த நிலையில் முதல் தேவை அதைப் பக்குவமாகக் குறைப்பது. 40 சதவீத யூரியா களிம்பைத் தடவிக் கட்டிவைத்தால் நகம் மிருதுவாகும், அப்புறம் வெட்டலாம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் வீட்டில் பிளேடு எடுக்கவே கூடாது. உணர்ச்சி மரத்த காலில் வெட்டுப்பட்டதே தெரியாது. தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திப் புண்ணாக்கும், விரல் இடுக்கு வெடிப்பு வழியே கிருமி நுழைந்து கால் வீங்கும். சர்க்கரைக்காரர்களுக்கு நகச்சொத்தையை அழகுப் பிரச்சினை என்று விட முடியாது.

பூஞ்சைதான் என்று தோன்றுகிறது: பரிசோதனை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிடப் போகிறோம், அதற்கு முன் ஒரு சிறு பரிசோதனைக்குச் செலவழிக்க மனம் வருவதில்லை.

எளிமையானது கே.ஓ.எச். பரிசோதனை. நகத்துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரையவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். முடிவு சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறைவு. பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எந்தப் பூஞ்சை என்றே தெரியும், ஆனால் மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். வெட்டிய நகத்தைப் பி.ஏ.எஸ். சாயம் போட்டுப் பார்க்கும் முறைதான் பூஞ்சையைத் தவறவிடுவது குறைவு. கே.ஓ.எச். ஒருமுறை இல்லை என்று வந்தாலும், பார்வைக்குப் பூஞ்சை மாதிரியே இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். பல நேரம் தவறு மாதிரி எடுப்பதில்தான் இருக்கிறது. நுனியில் வெட்டிய நகத்துண்டில் செத்த பூஞ்சைதான் கிடைக்கும். கெட்ட நகமும் நல்ல நகமும் சேரும் எல்லைக்கு அருகே, அடியிலிருந்து சுரண்டிய பொடியில்தான் உயிருள்ளது இருக்கும். ஏற்கெனவே பூஞ்சை மருந்து தடவிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள்.

உறுதியாகிவிட்டது: மருந்து

வேர் வரை போகாத, ஒன்றிரண்டு நகத்தோடு நிற்கிற தொற்றுக்கு நெயில் பாலிஷ் போல நகத்தில் பூசும் லாக்கர் என்ற மருந்து உண்டு. அமோரோல்ஃபின் 5 சதவீதம், வாரம் ஒருமுறை, நகத்தை அரம்போட்டுத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் என்றால் தினமும். இரண்டுமே மாதக்கணக்கில் பொறுமை கேட்பவை.

நகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தாலோ பல நகங்களில் இருந்தாலோ மாத்திரைதான். முதலில் எழுதப்படுவது டெர்பினாஃபின் 250 மி.கி., தினம் ஒன்று, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குவார்கள். சாப்பிடும்போது கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, காரணமில்லாத களைப்பு, வாந்தி உணர்வு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும். சாம்பாரில் உப்பு இல்லை என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். நிறுத்திய பின் ருசி திரும்பும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று இட்ராகோனசோல். 200 மி.கி. காலையும் மாலையும் ஒரு வாரம், அடுத்த மூன்று வாரம் ஓய்வு. கைநகத்துக்கு இப்படி இரண்டு சுற்று, கால்நகத்துக்கு மூன்று. இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாது. அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரைகளோடு மோதும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை எழுதினால் சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையின் வீரியத்தைக் கூட்டி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். ஆகவே தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு முழுவதையும் மருத்துவர் முன் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு நகத்துக்காக மாத்திரை தொடங்குவதில்லை, அவசரம் ஒன்றும் கிடையாது.

கடையில் அதிகம் கேட்கப்படும் ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம். அரிப்பு ஒரே நாளில் அடங்குவதால் கைராசியான மருந்து என்று பேர் வாங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவுகிறது. இந்தியா முழுக்கப் படர்தாமரை கட்டுக்கடங்காமல் போனதில் இந்தக் கலவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. விற்பனை நின்றுவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பூண்டு, வேப்பெண்ணெய், வினிகர் பற்றியும் கேட்பார்கள். உலர்வாக வைத்திருந்தால் வேப்பெண்ணெயால் பெரிய கெடுதல் இல்லை, நகத்தடிப் பூஞ்சையைத் தீர்க்கும் என்று நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

மாத்திரை முடிந்துவிட்டது, நகம் அப்படியே இருக்கிறது

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் எதுவும் தப்பாகவில்லை. கெட்ட நகம் நல்லதாக மாறாது. அது வளர்ந்து வெளியேற வேண்டும். கைநகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும், முழுதாக மாற 6 மாதம். கால் கட்டைவிரல் நகம் மாதம் ஒன்று, ஒன்றரை மி.மீ.தான். முழுதாக மாற ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். மாத்திரையை நிறுத்திய பிறகும் மருந்து நகத்துக்குள் பல மாதம் தங்கி வேலை செய்யும். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் அரத்தால் ஒரு சிறு கோடு போட்டுவையுங்கள். கோடு முன்னால் நகர, அதற்குப் பின்னால் வரும் நகம் சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. கெட்டது கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தால் செய்யவில்லை.

செய்யவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். பரிசோதனையே இல்லாமல் தொடங்கியிருந்தால் அது பூஞ்சையாகவே இல்லாமல் இருக்கலாம். இட்ராகோனசோல் சாப்பிட்டவராக இருந்தால் நான் முதலில் கேட்பது, காலையில் வெறும் வயிற்றில் பான்டொப்ரசோல் போடுகிறீர்களா என்றுதான். அந்தக் காப்ஸ்யூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாடும் வேண்டும். கேஸ் மாத்திரை போட்டு அமிலத்தை அடக்கிவிட்டு இதை விழுங்கினால் பெரும்பகுதி வீண். இன்னொரு காரணம், நகத்துக்குள் நீளவாக்கில் ஓடும் மஞ்சள் கோடு. அங்கே பூஞ்சை கட்டியாக இறுகியிருக்கும், மருந்து உள்ளே இறங்காது. அந்தப் பகுதி நகத்தை வெட்டி எடுத்தால்தான் வழி. டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சைகளும் இந்தியாவில் இப்போது இருக்கின்றன. கல்ச்சர் அங்கே கைகொடுக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நகம் பழைய மாதிரி ஆகாமல் போகலாம். டெர்பினாஃபினின் அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே, 12 வாரம் சாப்பிட்டவர்களில் பூஞ்சை அழிந்தது 70 சதவீதம் பேருக்கு, அதோடு நகமும் முழுக்கத் தெளிந்தது 38 சதவீதம் பேருக்கு என்றுதான் இருக்கிறது. பல வருடம் கெட்டிருந்த நகத்தின் அடித்தளமே உருமாறியிருக்கும். லேசர் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள். பூஞ்சையை அது நிச்சயமாகத் தீர்க்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இன்னும் இல்லை.

சரியாகி, மறுபடி வந்துவிட்டது

விரல் இடுக்கைப் பாருங்கள், ஷூவுக்குள் பாருங்கள், வீட்டில் மற்றவர் பாதத்தைப் பாருங்கள். பூஞ்சை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் திரும்பி வரும். சேற்றுப்புண் தலைகாட்டியதுமே க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் க்ரீமைத் தொடங்குங்கள். க்ளோட்ரிமசோலை அரிப்பு நின்றவுடன் நிறுத்தாமல் நான்கு வாரம் வரை தடவ வேண்டும். குளித்தபின் விரல் இடுக்கைத் தனித் துண்டால் துடையுங்கள். சாக்ஸை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். தினமும் ஷூ போடுகிற வேலை என்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் காய ஒரு நாள் கிடைக்கும். நகம் கெட்டிருந்த காலத்தில் போட்ட பழைய ஷூவைத் தூக்கிப் போடுவது நல்லது, மனம் வராவிட்டால் உள்ளே பூஞ்சைப் பவுடர் போட்டு வையுங்கள். வீட்டுக்கு ஒரே நகவெட்டி என்ற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கெட்ட நகத்துக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.